பைய... பைய...!

"குற்றாலத்துக்குப் போகிறேன்" என்று ஆபீஸில் சொன்னதுதான் தாமதம், ஆளுக்கு ஒரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "முதலில் ஐந்தருவியில் குளி, பேரருவிக்கு அப்புறம் போகலாம்" என்றார் ஒருவர். "பார்டர் பரோட்டா சாப்பிடாமல் திரும்பி வந்தால் உன்னோடு பேச மாட்டேன்" என்றாள் பக்கத்து மேஜைத் தோழி. மூன்றாமவர், மங்குஸ்தான் பழம் இரண்டு கிலோ வாங்கி வரும்படி கையில் காசையே கொடுத்துவிட்டார். ஆனால், "விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யோகாசன வகுப்புக்குப் போ" என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டிக்கெட்டை அப்போதே ரத்து செய்திருப்பேன்!

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வயது 36. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற உத்தியோகம். கழுத்தில் ஒரு வலி, இடுப்பில் அதற்கு ஒரு தங்கை. ராத்திரி 12 மணிக்கு முன் படுத்ததில்லை. காலையில் பாலும் பள்ளிக்கூட வேனும் விரட்டாமல் எழுந்ததும் இல்லை. உங்களில் பல பேருக்கு இந்தக் கதையில் ஆள் மட்டுந்தான் வேறு, மற்றதெல்லாம் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை மாத முதல் வாரம். முதல் நாள் இரவு சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தேன்; மறுநாள் காலை தென்காசி. ஸ்டேஷனில் இறங்கியதுமே முகத்தில் யாரோ பன்னீர் தெளித்தாற்போல் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் பெரிய மேகம் ஒன்றும் இல்லை. "இதுதான் சாரல்" என்றார் என்னை அழைத்துப் போக வந்திருந்த மாமா, ஏதோ தம் சொந்தத் தோட்டத்தில் விளைந்த சரக்கைக் காட்டுகிறவர் போல.

இந்தச் சாரலுக்கு ஒரு காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஓரிடத்தில் சற்றே தணிந்து, ஆரியங்காவுக் கணவாய் என்று ஒரு வாசல் விட்டிருக்கிறது. ஜூன் மாதம் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்ட ஆரம்பித்ததும், ஈரக் காற்று அந்த வாசல் வழியாக நுழைந்து செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை நனைத்துவிட்டுப் போகிறது. மற்ற ஊர்கள் வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது இங்கே மட்டும் துணி காய்வதில்லை! திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்திருந்த தென்காசி, 2019 நவம்பர் முதல் தனி மாவட்டமாகிவிட்டது. அருவிக்கு வருகிறவர்கள் கூட்டம் அதற்கு முன்னும் குறைந்ததில்லை, பின்னும் குறையவில்லை.

அத்தை வீடு பெரிய கோயிலுக்கு அருகில். முதல் நாள் சாப்பாடும் பேச்சுமாகப் போயிற்று. மறுநாள் விடியுமுன் அத்தை என் போர்வையை உருவினாள்.

"ஏட்டி, எந்திரி. மணி அஞ்சாகப் போகுது. எங்கூட வா."

"அருவிக்கா அத்தை?"

"அருவி எங்கயும் ஓடிப் போகாது. யோகா கிளாசுக்கு."

தூக்கம் பறந்துவிட்டது. என் அத்தைக்கு வயது 58. நான் அறிந்த வரையில் அவள் கை நீட்டினால் அது கரண்டிக்காகத்தான் இருக்கும். குனிந்தால் அது கோலத்துக்காகத்தான் இருக்கும். அவளா யோகாசனம் செய்கிறாள்? மேலும் ஓர் அதிசயம்: அடுப்பங்கரையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நின்றவர் மாமா! 64 வயது மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காப்பி பில்டரின் மேல் தட்டை எதிரியைப் போல் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் இறங்கினோம். இருட்டில் ஒன்பது நிலைக் கோபுரம் வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விசுவநாதர் ஆலயம் இது. பிற்காலத்தில் இந்தக் கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. ஊரார் முயற்சியில் மீண்டும் எழும்பி, 1990-ல் கும்பாபிஷேகம் கண்டது. அந்தப் பாண்டியன் கல்வெட்டில் ஒரு விண்ணப்பம் செய்திருக்கிறான்: பின்னாளில் இந்தக் கோயிலில் பழுது நேர்ந்து, அதைச் செப்பனிடுகிறவர்கள் யாரோ, அவர்கள் பாதங்களில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று. கோபுர வாசல் காற்று எங்கள் முகத்தில் மோதியபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. 58 வயதில் தன் உடம்பைச் செப்பனிடக் கிளம்பியிருக்கும் என் அத்தைக்கும் அந்த வணக்கத்தில் கொஞ்சம் சேர வேண்டியதுதானே?

வகுப்பு நடப்பது ஒரு வீட்டு மாடியில். நீளமான கூடம், சிமெண்டுத் தரை, மூன்று ஜன்னல்கள், ஒரு குத்துவிளக்கு. சினிமாவில் வருவது போல் சுவர் நிறையக் கண்ணாடி எதிர்பார்த்தேன்; ஒன்றுகூட இல்லை. அதுவே பெரிய ஆறுதல்! பதினான்கு பெண்கள். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், முறுக்கு சுட்டு விற்கும் அம்மாள் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், பேரன் பேத்தி எடுத்த நான்கைந்து பாட்டிமார். சிலர் சுடிதாரில், சிலர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. குருவானவர் நாற்பதைத் தாண்டிய ஒல்லியான அம்மாள். பகலில் தையல் வேலை. அவர் அதிகம் பேசவில்லை. ஒரு மணி நேரத்தில் அவர் நூறு தடவை சொன்னது ஒரே வார்த்தைதான்:

"பைய... பைய..."

சென்னைக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: திருநெல்வேலிச் சீமையில் 'பைய' என்றால் 'மெதுவாக' என்று அர்த்தம். கையைப் பைய உயர்த்து, மூச்சைப் பைய இழு, இடுப்பைப் பைய வளை. நானோ வேகமாகப் பழகியவள். எல்லாரும் பாதி வளைவதற்குள் முழுக்க வளைந்துவிடலாம் என்று குனிந்தேன். முழங்கால் வரையில் வந்த விரல்கள் அதற்குக் கீழே இறங்க மறுத்துவிட்டன. பக்கத்தில் முறுக்கு அம்மாள், வயது 60-க்குக் குறையாது, உள்ளங்கையையே தரையில் பதித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தெனமும் குனிஞ்சு மாவு பெசையுறேன்லா, எனக்கு வளையும். ஒங்களுக்கு எழுத்து வேல. பைய வரும்மா."

எனக்குக் கொடுத்திருந்த பாயைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். அது பத்தமடைக் கோரைப் பாய். வழுக்காமல் இருக்க அடியில் ஒரு பழைய ஜமக்காளம். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து நெய்வார்கள். மிக நேர்த்தியான ரகம் பட்டுத் துணி போல மடியும். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் அவ்வூர் முஸ்லிம் பெண்கள். அதே பத்தமடையில்தான் 1887-ல் சுவாமி சிவானந்தர் பிறந்தார். டாக்டராக மலேயாவுக்குப் போய் வைத்தியம் பார்த்து, பிறகு துறவியாகி ரிஷிகேசத்தில் தங்கி, 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அவருடைய சீடர்கள் யோகத்தைக் கடல் கடந்து கொண்டு போனார்கள். உலகத்துக்கு யோகம் சொன்ன ஒருவரையும், உட்கார்ந்து செய்யப் பாயையும் ஒரே கிராமம் கொடுத்திருக்கிறது, பாருங்கள்!

ஆனால், பெண்களுக்கு இந்தக் கதவு எளிதில் திறந்துவிடவில்லை. 1930-களின் கடைசியில், ரிகா நகரில் பிறந்த இந்திரா தேவி என்ற மாது, மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் கற்க வந்தார். பெண், அதிலும் அந்நிய தேசத்துப் பெண் என்று அவர் மறுத்துவிட்டார். மகாராஜா சொன்ன பிறகுதான் இணங்கினார். இணங்கியவர் கண்டிப்போடு கற்றுக்கொடுக்கவும் செய்தார். அந்த மாது பிறகு ஹாலிவுட்டில் யோகப் பள்ளி திறந்தார். 2002-ல் காலமானபோது வயது நூற்றுக்கு மேல். கிருஷ்ணமாச்சாரியாரும் பிறகு சென்னைக்கே வந்து குடியேறி, 1989 வரை இருந்தார். நம் பக்கத்தில் இதைத் தெருவுக்குத் தெரு கொண்டுவந்தவர்களில் வேதாத்திரி மகரிஷியும் ஒருவர். நெசவாளர் குடும்பத்தில் பிறந்து தாமும் தறியில் உட்கார்ந்தவர். அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியை ஊர்தோறும் மனவளக்கலை மன்றங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2014-ல் தீர்மானம் செய்து, 2015 முதல் ஜூன் 21-ஆம் தேதியை யோகா தினமாக உலகம் கொண்டாடுகிறது. குற்றாலத்தில் சீசன் தொடங்கும் சமயமும் ஏறக்குறைய அதுதான்.

கடைசிப் பத்து நிமிஷம் சவாசனம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அசையாமல் மல்லாந்து படுத்திருப்பதுதான். இதைவிடச் சுலபமானது உண்டோ என்று நினைத்தேன். படுத்த மறுகணம் மனம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. பையனுக்கு யூனிபாரம் துவைத்தார்களா? காஸ் தீர்ந்துவிடுமா? மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை எத்தனை பாக்கி? குருவம்மாள் என் தலைமாட்டில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "வீட்ட வாசல்ல விட்டுட்டு வந்திருக்கோம்லா? அது அங்கனயே இருக்கும். ஒரு மணி நேரத்துல யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வர வேண்டியது. ஏனோ கண்ணில் நீர் வந்தது.

எனக்கு முன் வரிசையில் ஒரு பெண் இருந்தாள். 28 வயதிருக்கும். தாமதமாக வந்தாள், பாதியில் போனைப் பார்த்துவிட்டு ஓடினாள். மறுநாள் வரவே இல்லை. பத்திரிகைக்காரி அல்லவா, உடனே கதை கட்டிவிட்டேன். "பாவம், மாமியார் கொடுமை போலிருக்கிறது" என்றேன் திரும்பும் வழியில்.

அத்தை நின்றுவிட்டாள். "ஏட்டி, ஒங்க தொடர்கதையில வர்ற மாமியாரையெல்லாம் ஊருக்குள்ள கொண்டு வராத. நான் மொத மாசம் எப்படி வந்தேன்னு ஒனக்குத் தெரியுமா? மூணரை மணிக்கு எந்திரிச்சு, பாலைக் காய்ச்சி, டிகாக்ஷன் எறக்கி, காய நறுக்கி வச்சிட்டு வருவேன். யாரு சொன்னா? ஒங்க மாமா ஒரு வார்த்த சொல்லல. எனக்குத்தான், களவாணி மாதிரி இருக்கும். அடுப்புப் பத்த வைக்காம வாசப்படி தாண்டினா தப்பு பண்ணின மாதிரி."

"அப்புறம்?"

"ஒரு நா நல்ல மழ. அசந்து தூங்கிட்டேன். அஞ்சே கால் ஆயிட்டு. போகவா வேண்டாமான்னு தவிச்சு நிக்கேன். மாமா, 'போயிட்டு வா'ன்னாரு. திரும்பி வந்தா ஒரு டம்ளர் காப்பிய நீட்டுறாரு. அய்யோ, அத வாயில வைக்க முடியாது! தண்ணியில சீனியக் கரைச்ச மாதிரி. சரி பண்ணிக் குடுக்கணும்னு கை பரபரங்குது. பேசாம உக்காந்து முழுசையும் குடிச்சேன். இங்க வந்து எத்தனையோ ஆசனம் கத்துக்கிட்டேன். அந்தக் காப்பிய மொகம் சுளிக்காமக் குடிச்சேன் பாரு, அதுதான் பெரிய ஆசனம்."

முழங்கால் வலிக்கு டாக்டர் உடற்பயிற்சி சொன்னதால் வகுப்புக்கு வந்தவள் அத்தை. வலி முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டேன். "போகல. ஆனா மாடிப்படி ஏறுறப்போ கைப்பிடியத் தேடல" என்றாள். இது நேர்மையான பதில். நீடித்த இடுப்பு வலிக்கு யோகப் பயிற்சி ஓரளவு உதவுகிறது என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. மருந்தை நிறுத்திவிடு என்று எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'வீட்டு வேலை செய்கிறேனே, போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் உடம்பின் அசைவுதான். ஆனால், அந்த வேலையில் மூச்சு நம்முடையதாக இருப்பதில்லை. குக்கர் விசிலுக்கும் வாசல் மணிக்கும் அடங்கினதாக இருக்கிறது.

மூன்றாம் நாள் வகுப்பு முடிந்து குற்றாலத்துக்குப் புறப்பட்டோம். தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். பேரருவியில் பெண்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். கல்லூரிப் பெண்ணும் கிழவியும் ஒரே பாறையில் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். கூந்தல் கலைகிறது, பொட்டு கரைகிறது, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அத்தனை பேரும் 'ஹோ' என்று கத்துகிறார்கள், அருவி அதை விழுங்கிவிடுகிறது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதற்கும் இப்போது அனுமதி இல்லை. வெள்ளம் பெருகினால் குளிக்கவும் தடைதான். அந்தத் தடையை மதிக்க வேண்டும். சிரிக்கும் அருவிக்குக் கோபம் வர அதிக நேரம் ஆவதில்லை.

கரையேறித் தலை துவட்டும்போது அத்தை மேலே கை காட்டினாள். மலையிலிருந்து ஆவேசமாக வரும் தண்ணீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாக்கடல் என்று பாறையில் ஓர் ஆழமான பள்ளம். அதில் விழுந்து, நிறைந்து, பொங்கி, வேகம் தணிந்த பிறகுதான் கீழே இறங்குகிறது. அது மட்டும் இல்லாவிட்டால் அந்த அடியை எந்த மண்டையும் தாங்காது.

அந்த மாடிக் கூடம் எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. நாள் என்பது நம் மேல் விழத்தான் போகிறது: பால், பள்ளிக்கூடம், ஆபீஸ், மாத்திரை, விருந்தாளி. விழுமுன் அது நின்று நிறைய ஒரு பள்ளம் வேண்டாமா? அருவியின் சீசன் ஆண்டில் மூன்று மாதம். மூச்சுக்கு வருஷம் பூராவும் சீசன்.

கடைசி நாள். நாங்கள் கைகளை உயர்த்தும்போது கதவு திறந்தது. அந்த இளம்பெண்! அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு வயதுப் பெண் குழந்தை, தூக்கக் கலக்கத்தோடு. விஷயம் இதுதான்: புருஷனுக்கு இரவு ஷிப்ட். குழந்தை விழித்து அழுதால் எழுந்து தூக்க மாமியாருக்கு முடியாது. இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். "எனக்காக நீ படுத்துராத, போயிட்டு வா" என்று இவளை முதலில் வகுப்பில் சேர்த்ததே அந்த மாமியார்தானாம். நேற்று, "பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயேன்" என்று சொன்னவரும் அவரே. நான் கட்டிய கதை முழுவதையும் மனத்துக்குள் கிழித்துப் போட்டேன்.

குருவம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. மூலையிலிருந்து ஒரு சின்னப் பாயை எடுத்து விரித்தார். குழந்தை எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தது. குனிந்து, தலையைத் தரையில் வைத்து, கால்களின் இடுக்கு வழியாகத் தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. பதினான்கு பேரும் பல நாளாகப் பாடுபடுகிற வளைவு அது!

"பைய, பைய" என்றார் குருவம்மாள், அதனிடமும்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு மாடி இருக்கலாம். போவதானால் வெறும் வயிற்றோடு போங்கள். ரத்த அழுத்தம், முதுகெலும்புத் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் டாக்டரைக் கேளுங்கள், குருவிடமும் சொல்லிவிடுங்கள். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலியில் செய்யும் பயிற்சிகள் உண்டு. பக்கத்துப் பாயைப் பார்த்துப் போட்டி போடாதீர்கள். நான் போட்டு அறிந்தவள்.

சென்னைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. மங்குஸ்தானைக் கொடுத்தேன், பார்டர் பரோட்டாவைப் பற்றித் தோழிக்குச் சாட்சி சொன்னேன். அத்தை கொடுத்தனுப்பிய பத்தமடைப் பாய் என் மொட்டை மாடியில் தினமும் விரிகிறது. முதல் நாள் மூச்சை இழுத்து நிறுத்தியிருக்கும்போது கீழேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது: "சர்க்கரை டப்பா எங்கே இருக்கு?"

பதில் தொண்டை வரைக்கும் வந்தது. பைய, பைய என்று மூச்சை விட்டேன். சற்று நேரத்தில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. அதற்கும் எழுந்திருக்கவில்லை.

கீழே இறங்கிப் போனபோது மேஜையில் ஒரு டம்ளர் காப்பி ஆவி பறக்க இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். முழுவதையும் குடித்தேன். முகம் சுளிக்கவில்லை.